ஃப்ளைட்டு ரெண்டு மணி நேரம், வாசலுக்கு வாசல் ஏழு மணி நேரம்: பெரிய நகர ஏர்போர்ட்டைச் சமாளிக்க முழு வழிகாட்டி

டிக்கெட் புக் பண்ற ஆப்ல "2 மணி 10 நிமிஷம்"னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், நாமளும் அதைப் பாத்துட்டு காலைல கிளம்பினா மதியத்துக்குள்ள போய்ச் சேந்துடலாம்னு கணக்கு போட்டுடுவோம். அந்த ரெண்டு மணி நேரம் தான் உண்மையில நாம ஒண்ணுமே பண்ண வேண்டாத நேரம், சீட்டுல உக்காந்தா போதும், மிச்சத்தைப் பைலட் பாத்துக்குவார். நம்ம பொழப்பு சிரிப்பா சிரிக்கிறது எல்லாம் தரையில தான், வீட்டு வாசல்ல இருந்து கவுன்டர் வரைக்கும், அப்புறம் இறங்கின இடத்துல இருந்து தங்கப் போற இடத்து வாசல் வரைக்கும். அதனால இந்த வழிகாட்டில ஏரோப்ளேன் பத்தி கம்மியா தான் இருக்கும், தரையைப் பத்தி தான் நிறைய இருக்கும்.

1. ஊர் பேரைப் பாக்காதீங்க, மூணு எழுத்தைப் பாருங்க

எந்தப் பெரிய நகரமா இருந்தாலும் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது அங்க எத்தனை ஏர்போர்ட்னு. லண்டன்னு தேடினா ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட்னு ஆறு வரும். நியூயார்க்னா ஜேஎஃப்கே, லாகார்டியா, நியூவார்க், இதுல நியூவார்க் இருக்கிறது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சில. டோக்கியோவுக்கு ஹனேடா, நரிடா. ஹனேடா நகர மையத்துல இருந்து சுமார் 15 கிலோமீட்டர், நரிடா சுமார் 60 கிலோமீட்டர். ரெண்டுக்கும் டிக்கெட்ல கொஞ்சம் தான் வித்தியாசம்னு நரிடாவை எடுத்தீங்கன்னா, மிச்சம் புடிச்ச காசு ரயில் டிக்கெட்டுக்கே சரியாப் போயிடும், நேரம் வேற போகும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் ஐயாட்டா (விமானக் கம்பெனிகளோட உலகச் சங்கம்) குடுத்த மூணு எழுத்துக் கோடு இருக்கிற மாதிரியே, பல ஏர்போர்ட் இருக்கிற நகரத்துக்கு மொத்தமா ஒரு நகரக் கோடும் இருக்கு. லண்டனுக்கு எல்ஓஎன், டோக்கியோவுக்கு டிஒய்ஓ. அதைப் போட்டுத் தேடினா எல்லா ஏர்போர்ட்டும் கலந்து வந்து நிக்கும், விலை கம்மியா இருக்கிறது மேல இருக்கும், நாம அவசரத்துல அதைத் தட்டிடுவோம். பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த மூணு எழுத்தை வாய் விட்டுப் படிங்க, அது எந்த ஏர்போர்ட்னு மேப்ல பாருங்க. மலிவு விலை விமானங்களுக்கு இதை விட முக்கியமான வேலையே கிடையாது, ஏன்னா ஃப்ராங்க்ஃபர்ட் ஹான்னு ஒரு ஏர்போர்ட் இருக்கு, பேர்ல தான் ஃப்ராங்க்ஃபர்ட், நிஜ ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து சுமார் 120 கிலோமீட்டர். பாரிஸ் பேர்ல விக்கிற போவேயும் பாரிஸ்ல இருந்து 80 கிலோமீட்டருக்கு மேல.

பழைய ஞாபகத்தையும் நம்ப வேண்டாம். இஸ்தான்புல்ல 2019 ஏப்ரல்ல அட்டாடுர்க் ஏர்போர்ட்டோட பயணிகள் சேவை மொத்தமும் புது ஏர்போர்ட்டுக்குப் போயிடுச்சு, ஐஎஸ்டிங்கிற கோடையும் கூடவே கொண்டு போயிட்டாங்க. கோடு அதே தான், ஆனா இடம் வேற. நகரத்தோட ஆசியப் பக்கம் சபிஹா கோக்சென்னு இன்னொண்ணு தனியா ஓடுது. பத்து வருஷம் முன்னாடி போன நண்பர் சொல்ற வழியைக் கேட்டுக் கிளம்பினா அதோகதி தான்.

2. டெர்மினல் எதுன்னு முந்தின நாளும் பாருங்க, கிளம்பற அன்னைக்கும் பாருங்க

சின்ன ஏர்போர்ட்ல தப்பான டெர்மினலுக்குப் போனா அஞ்சு நிமிஷம் நடந்தா சரியாயிடும். பெரிய ஏர்போர்ட்ல அப்படி இல்ல. துபாய்ல டெர்மினல் 1, 3 ரெண்டுக்கும் மெட்ரோ வருது, டெர்மினல் 2 ரன்வேக்கு அந்தப் பக்கம், அங்க மெட்ரோ கிடையாது. ஹீத்ரோல இப்ப 2, 3, 4, 5 தான் (1-ஐ 2015லயே மூடிட்டாங்க, எண்ணை மட்டும் மாத்தல), 4-ல இருந்து 5-க்கு நேரா ரயில் இல்ல, நடுவுல இறங்கி மாறணும். சிட்னில இன்டர்நேஷனலும் டொமெஸ்டிக்கும் ரன்வேயோட எதிரெதிர் பக்கம். இன்னொரு கூத்து, ஒரு கம்பெனி விக்கிற டிக்கெட்ல வேற கம்பெனி ஃப்ளைட் ஓட்டும், கோட்ஷேர்னு சொல்வாங்க, டிக்கெட்ல "இயக்குவது"ன்னு சின்ன எழுத்துல இருக்கிற பேர் தான் டெர்மினலைத் தீர்மானிக்கும்.

3. ஏர்போர்ட்டுக்கும் ஊருக்கும் நடுவுல

இது தான் நிறைய பேர் கோட்டை விடற இடம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ஏர்போர்ட் ஏன் ஊருக்கு வெளிய இருக்குன்னா, பெரிய ஜெட் ஏறி இறங்க 3 கிலோமீட்டர், 4 கிலோமீட்டர் ரன்வே வேணும், சத்தம் வேற, ஊருக்குள்ள அவ்வளவு நிலத்துக்கு எங்க போறது. ஹாங்காங்கோட பழைய காய் டாக் ஏர்போர்ட் கட்டடங்களுக்கு நடுவுல இருந்துச்சு, 1998 ஜூலைல அதை மூடிட்டு தீவுப் பக்கம் கடலைத் தூர்த்துப் புது ஏர்போர்ட்டுக்குப் போனாங்க. ஆனா அவங்க கெட்டிக்காரத்தனம் என்னன்னா, அதே வருஷம் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயிலையும் சேத்தே திறந்தாங்க, 24 நிமிஷத்துல ஹாங்காங் ஸ்டேஷன். ஏர்போர்ட்டைத் தூரத்துல கட்டினது தப்பில்ல, ரயில் போடாம கட்டறது தான் தப்பு. லாகார்டியா நியூயார்க்குக்குள்ளயே இருக்கு, இன்னைக்கு வரைக்கும் அதுக்கு ரயில் கிடையாது, பஸ்ஸோ டாக்ஸியோ தான், ரோட்டுல மாட்டினா மாட்டினது தான்.

ரயில் இருந்தாலும் மூணு விஷயம் பாக்கணும்.

முதல்ல, ரயில் எங்க போய் முடியுதுன்னு. ஷாங்காய்ல புடோங் ஏர்போர்ட்ல இருந்து காந்த ரயில் ஓடுது, 30 கிலோமீட்டரை சுமார் எட்டு நிமிஷத்துல கடந்துடும், அதுல ஒரு தடவை ஏறிப் பாக்கணும்னு எல்லாருக்கும் ஆசை, தப்பில்ல. ஆனா அது போய் நிக்கிறது லாங்யாங் ரோடு ஸ்டேஷன்ல, நகர மையத்துல இல்ல, அங்க இறங்கி பையை இழுத்துக்கிட்டு மெட்ரோ மாறணும். வேகமான ரயிலை விட, மாறாம நேரா போற மெதுவான ரயில் பல நேரம் முன்னாடி கொண்டு விட்டுடும். லண்டன்ல ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிஷத்துல பேடிங்டன் போயிடும், சரி, நீங்க தங்கற இடம் பேடிங்டனா? இல்லன்னா 2022ல வந்த எலிசபெத் லைன் கொஞ்சம் மெதுவா போனாலும் நகரத்தை ஊடுருவிக் கிழக்கு வரைக்கும் போகுது, மாற வேண்டிய வேலையே இருக்காது.

ரெண்டாவது, அந்த லைன்ல வர்ற எல்லா ரயிலும் ஏர்போர்ட் போகுதான்னு. பாரிஸ்ல ஆர்இஆர் பி லைன் வடக்கே போய் ரெண்டாப் பிரியும், ஒரு கிளை சார்ல் த கோல் ஏர்போர்ட், இன்னொண்ணு மித்ரின்னு வேற ஊர். பிளாட்பாரம் ஒண்ணு தான், வந்த ரயில்ல ஏறி ஜன்னலோரம் சாஞ்சுட்டீங்கன்னா ஏர்போர்ட்டுக்குப் பதிலா எங்கயோ போய் முழிக்கணும். லண்டன் பிக்கடில்லி லைன்லயும் இதே கதை, டெர்மினல் 4 ரயில் வேற, 5 ரயில் வேற. ரயில் நெத்தில எழுதியிருக்கிறதைப் படிக்காம ஏறக்கூடாது.

மூணாவது, பெட்டி. நீங்க வெறும் கையோட போகல, 23 கிலோ பெட்டியோட போறீங்க. பாரிஸ், லண்டன், நியூயார்க் மாதிரி பழைய நகரங்கள்ல மெட்ரோ நூறு வருஷத்துக்கு மேல பழசு, லிஃப்ட் இல்லாத ஸ்டேஷன் ஏராளம். அப்படி ஒரு ஸ்டேஷன்ல ஒருநாள் நான் நாலு மாடி படிக்கட்டுல பெட்டியைத் தூக்கிட்டு ஏறிக்கிட்டிருந்தேன், ரெண்டாவது திருப்பத்துல சக்கரம் ஒண்ணு கழண்டு டக் டக் டக்னு கீழ வரைக்கும் உருண்டு போச்சு, பின்னாடி வந்த ஒரு பெரியவர் அதை எடுத்துட்டு வந்து கையில குடுத்துட்டு ஒண்ணுமே சொல்லாம போனார், மீதி நாலு நாளும் மூணு சக்கரப் பெட்டி தான். அன்னைல இருந்து எந்த நகரத்துக்குப் போனாலும் முதல்ல படியில்லாத ஸ்டேஷன் மேப் இருக்கான்னு தேடறேன், லண்டன்ல போக்குவரத்துக் கழகமே அப்படி ஒரு மேப் வெளியிடுது. புதுசா வந்த லைன்ல கவலை இல்ல, பாரிஸ்ல 2024 ஜூன்ல ஓர்லி ஏர்போர்ட் வரைக்கும் நீட்டின மெட்ரோ 14ல எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு.

டாக்ஸி பத்தி ஒரே வார்த்தை தான்: வரிசையில நிக்கிற டாக்ஸி. அரைவல் வாசல்ல "டாக்ஸி சார், டாக்ஸி"ன்னு பக்கத்துல வந்து காதுல சொல்றவங்க உலகம் பூரா ஒரே ஜாதி தான், கண்ணைப் பாக்காம நடங்க. மூணு பேருக்கு மேல, ராத்திரி நேரம், பெரிய பெட்டிங்க, இந்த மூணுல ரெண்டு இருந்தா டாக்ஸியே மேல். பீக் அவர்ல ஒத்தை ஆளுன்னா ரயில் தான்.

4. மணியைப் பின்னாடி இருந்து எண்ணுங்க

"மூணு மணி நேரம் முன்னாடி போயிடு"ன்னு எல்லாரும் சொல்வாங்க, எதுக்கு முன்னாடி, எங்க போயிடணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நான் போடற கணக்கு இது.

ஃப்ளைட் காலைல 10:00 மணி, இன்டர்நேஷனல், பெட்டி போடணும். கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாடி மூடிடுவான், அதாவது 9:00. கேட் சுமார் 20 நிமிஷம் முன்னாடி, 9:40. ஆக நம்ம உண்மையான நேரம் 10:00 இல்ல, 9:00. வரிசை, செக்யூரிட்டி, இமிக்ரேஷன் எல்லாத்துக்கும் சேத்து 7:30க்கு கவுன்டர் முன்னாடி நிக்கணும். ரயில் 50 நிமிஷம், வீட்ல இருந்து ஸ்டேஷனுக்கு 15, பிளாட்பாரத்துல காத்திருக்க 15, ஏர்போர்ட் ஸ்டேஷன்ல இருந்து கவுன்டருக்கு நடக்க 15 (இந்தக் கடைசி 15-ஐ எல்லாரும் மறந்துடுவாங்க), மொத்தம் 95 நிமிஷம், அப்ப 5:55க்கு கிளம்பணும். ஒரு ரயில் தவறிப் போச்சுன்னா? இன்னொரு 30 நிமிஷம் சேருங்க, 5:25.

இப்ப போய் அந்த லைன்ல முதல் ரயில் எத்தனை மணிக்குன்னு பாருங்க. முதல் ரயிலே 5:30க்குன்னா, உங்களுக்கு 5:40க்கு பிளாட்பாரத்துல ரயில் வேணும், இது தப்பிச்சுடும். ஆனா இதே கணக்கை 6 மணி ஃப்ளைட்டுக்குப் போட்டா ராத்திரி ஒன்றரைக்கு கிளம்பணும்னு வரும், எந்த ரயிலும் இருக்காது. நியூயார்க் சப்வே, கோபன்ஹேகன் மெட்ரோ, ஓஹேர் ஏர்போர்ட் போற சிகாகோ புளூ லைன் இதெல்லாம் 24 மணி நேரமும் ஓடும், ஆனா அவை விதிவிலக்கு. டோக்கியோலயே நடுராத்திரியோட ரயில் நின்னுடும். அதிகாலை ஃப்ளைட் மலிவா இருக்கிறதுக்குக் காரணமே இது தான், மிச்சம் பண்ணின காசை ராத்திரி டாக்ஸிக்காரர் வாங்கிக்குவார்.

5. கனெக்ஷன்: ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா

ஒரு ஃப்ளைட்ல இறங்கி இன்னொண்ணுல ஏற ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் குறைஞ்சபட்ச மாறும் நேரம்னு ஒண்ணு இருக்கு, எந்த டெர்மினல்ல இருந்து எதுக்கு, உள்நாடா வெளிநாடான்னு பிரிச்சுப் பிரிச்சு வச்சிருப்பாங்க. ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல எடுத்த டிக்கெட்னா சிஸ்டமே அதுக்குக் கம்மியா விக்காது, முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிட்டா அடுத்ததுல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு. ரெண்டு தனி டிக்கெட்னா நீங்க யாரோ எவரோ, ரெண்டாவது கம்பெனிக்கு உங்க முதல் ஃப்ளைட்டைப் பத்தி ஒரு கவலையும் கிடையாது, வரல, அவ்வளவு தான், டிக்கெட் போச்சு.

நான் இதைப் பட்டுத் தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு நகரத்துல ஒரு ஏர்போர்ட்ல இறங்கி இன்னொரு ஏர்போர்ட்ல ஏறணும், நடுவுல நாலு மணி நேரம், தாராளமா இருக்குன்னு நானே தனித்தனியா எடுத்து பெருமை வேற பட்டுக்கிட்டேன். ஃப்ளைட் நாப்பது நிமிஷம் லேட், அது கூட பரவால்ல, ஏர்போர்ட் மாறணும்னா அந்த நாட்டுக்குள்ள நுழையணும்ங்கிறது மண்டையில ஏறவே இல்ல. இமிக்ரேஷன் வரிசை பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கு, அப்புறம் பெட்டி, அப்புறம் பஸ், ரிங் ரோட்டுல வண்டி நகரவே இல்ல. கவுன்டருக்கு ஓடினப்ப அங்க இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைக் கூட பாக்கல, மணிக்கட்டுல கடிகாரத்தைப் பாத்துட்டு தலையை மட்டும் ஆட்டுச்சு.

அதனால தனி டிக்கெட்னா என் கணக்கு: ஒரே ஏர்போர்ட்ல குறைஞ்சது அஞ்சு மணி நேரம், ஏர்போர்ட் மாறணும்னா நடுவுல ஒரு ராத்திரி தங்கறது. விசாவும் பாருங்க, ஏர்போர்ட்டுக்குள்ளயே மாறினா வேண்டாத விசா, வெளிய வந்து மாறினா தேவைப்படலாம், சில பாஸ்போர்ட்டுக்கு உள்ளயே மாறவும் ட்ரான்சிட் விசா கேப்பாங்க.

அமெரிக்கா வழியா போறவங்க தனியா தெரிஞ்சுக்க வேண்டியது, அங்க வெளிநாட்டு ஃப்ளைட்ல இறங்கினா வேற நாட்டுக்குப் போறவங்களும் இமிக்ரேஷன் தாண்டணும், பொதுவா பெட்டியையும் எடுத்து மறுபடி போடணும். ஜேஎஃப்கேல டெர்மினல் மாறணும்னா ஏர்டிரெய்ன் பிடிச்சு வெளிய போய் மறுபடி செக்யூரிட்டி. ஐரோப்பால ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள்ள பாஸ்போர்ட் செக் வேண்டாம்னு ஒப்பந்தம் போட்ட நாடுகள்) போறீங்கன்னா நீங்க முதல்ல கால் வைக்கிற ஏர்போர்ட்ல தான் பாஸ்போர்ட் செக், கடைசி ஊர்ல இல்ல, அதனால மாறுற நேரத்துல அந்த வரிசையையும் சேத்துக்கோங்க.

6. பை விஷயம், சுருக்கமா

கவுன்டர்ல பெட்டிக்கு ஒட்டற பட்டையை பெல்ட் நகர்றதுக்கு முன்னாடி படிங்க. பெருசா மூணு எழுத்து இருக்கும், அது உங்க கடைசி ஊர் தானான்னு பாருங்க. கூடவே பத்து இலக்க நம்பர், அது தான் பெட்டியோட ஜாதகம், போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பெட்டியையும் ஒரு போட்டோ, கறுப்புப் பெட்டின்னு சொன்னா யாருக்கும் புரியாது, அங்க சுத்தறது எல்லாம் கறுப்புப் பெட்டி தான்.

பவர் பேங்க் பெட்டிக்குள்ள போகவே கூடாது, கைப்பைல தான். 100 வாட் ஹவர் வரைக்கும் பொதுவா பிரச்சினை இல்ல, 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும், அதுக்கு மேல கிடையாது. பவர் பேங்க் மேல எழுதியிருக்கிற எம்ஏஹெச் நம்பரை 3.7 ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வாட் ஹவர் வந்துடும், 20,000 எம்ஏஹெச்னா 74. தண்ணி, க்ரீம் எல்லாம் 100 மில்லி பாட்டில்ங்கிற ரூல் 2006ல வந்தது, புது ஸ்கேனர் வச்ச சில ஏர்போர்ட்ல தளர்த்திட்டாங்க, ஆனா திரும்பி வர்ற ஏர்போர்ட்ல பழைய ரூலே இருக்கும், அங்க பிடுங்கிப் போட்டுடுவாங்க.

7. லேட்டாகும், எப்பன்னு முன்னாடியே மோப்பம் பிடிக்கலாம்

ஒரு ரன்வேல ஒரு நேரத்துல ஒரு விமானம் தான், முன்னாடி போன பெரிய விமானத்தோட காத்துச் சுழல் அடங்கற வரைக்கும் பின்னாடி வர்றது இடைவெளி விடணும். ஹீத்ரோ ரெண்டே ரன்வேல வருஷத்துக்கு 4,80,000 விமானம்ங்கிற உச்ச வரம்பை ஒட்டியே ஓடுது, மூடுபனி வந்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினா போதும், காலைல ஆரம்பிச்ச லேட் சாயங்காலம் வரைக்கும் சங்கிலி மாதிரி இழுத்துக்கிட்டே வரும். அதனால முக்கியமான வேலைன்னா அன்னைக்கு முதல் ஃப்ளைட், விமானம் முந்தின ராத்திரியே வந்து நின்னிருக்கும்.

பகல் ஃப்ளைட்னா உங்க விமானம் இப்ப எங்க இருக்குன்னு பாருங்க, ஃப்ளைட்ரேடார்24 மாதிரி ஆப்ல வர்ற விமானத்தைத் தேடலாம். ஏர்போர்ட் போர்டுல "ஆன் டைம்"னு இருக்கும், உங்க விமானம் இன்னும் வேற ஊர்ல இருந்தே கிளம்பியிருக்காது. அப்ப எப்படி ஆன் டைம்? போர்டை விட ஆகாயம் உண்மை சொல்லும்.

கடைசி ஃப்ளைட்னா இன்னொரு ஆபத்து, இரவுத் தடை. சிட்னில ராத்திரி 11ல இருந்து காலை 6 வரைக்கும், ஃப்ராங்க்ஃபர்ட்ல 11ல இருந்து 5 வரைக்கும் வழக்கமான பயணி விமானங்களுக்கு அனுமதி இல்ல, பக்கத்துல தூங்கறவங்களுக்காக. பத்தரைக்கு கிளம்ப வேண்டியது ஒரு மணி நேரம் லேட்டானா பல நேரம் மறுநாள் காலைல தான்.

8. இறங்கின பிறகு

"லேண்டட்"னு காட்டற நேரத்தோட ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கோங்க, அது தான் நீங்க வாசலுக்கு வர்ற நேரம். 11:10க்கு இறங்கற ஃப்ளைட்னா வெளிய வர நடுராத்திரி தாண்டிடும், கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு அங்க போய்ப் பாக்கக் கூடாது, டிக்கெட் எடுக்கறப்பவே பாருங்க. கூட்டிட்டுப் போக ஆள் வர்றாங்கன்னா லேண்டிங் நேரம் சொல்லாதீங்க, பாவம் அவங்க பார்க்கிங்ல காசு கட்டிக்கிட்டு நிப்பாங்க. எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து கையில பெட்டி வந்ததும் போன் போடுங்க.

விமானத்துல இருந்து இறங்கினதும் பாத்ரூம் போகணும்னா போயிடுங்க, ஆனா முன்னூறு பேர் இருக்கிற விமானத்துல நீங்க இமிக்ரேஷன் வரிசையில இருபதாவது ஆளா, இருநூறாவது ஆளாங்கிறது அந்த அஞ்சு நிமிஷத்துல தான் முடிவாகும். நான் வரிசைக்குப் போயிட்டு, தாண்டினப்புறம் பெல்ட் பக்கத்துல இருக்கிற பாத்ரூம் தான் போவேன்.

பெட்டி வரலைன்னா, பெல்ட் நிக்கிற வரைக்கும் பாத்துட்டு அந்த ஹால்லயே இருக்கிற பேக்கேஜ் கவுன்டருக்குப் போங்க. வெளிய போயிட்டு நாளைக்கு போன் பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க, கஸ்டம்ஸ் கதவைத் தாண்டிட்டா திரும்ப உள்ள விட மாட்டாங்க. பிஐஆர்னு ஒரு ரிப்போர்ட் எழுதித் தருவாங்க, அதுல ஒரு ஃபைல் நம்பர் இருக்கும், அந்த நம்பர் இல்லாம கவுன்டரை விட்டு நகராதீங்க. விமானப் பயண நஷ்டஈடு பத்தி நாடுகள் போட்டுக்கிட்ட மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி உடைஞ்சு வந்தா 7 நாளுக்குள்ள, லேட்டா வந்தா கைக்கு வந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும். வரவே இல்ல, 21 நாள் ஆச்சுன்னா தொலைஞ்சதாக் கணக்கு, அதுக்கப்புறம் தான் முழு நஷ்டஈடு பேச முடியும். பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பட்டியல் கேப்பாங்க, அப்ப தான் கிளம்பற அன்னைக்குத் திறந்த பெட்டியை ஒரு போட்டோ எடுத்திருக்கலாமேன்னு தோணும். இந்தத் தடவை மூடறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.